கியர் விழவில்லையா? பெட்டியைப் பிரிக்கும் முன் பெடலைப் பாருங்கள்!

திருவாரூர் மாவட்டத்தில் 5 ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி அவர். நாற்றங்காலில் குறுவை நாற்று 20 நாளைத் தாண்டிவிட்டது. வாய்க்காலில் தண்ணீரும் வந்துவிட்டது. சேறடிக்கலாம் என்று கொட்டகையிலிருந்து டிராக்டரை எடுக்கப் போனால், முதல் கியரே விழவில்லை. லீவரைத் தள்ளும்போதெல்லாம் ‘கர்ர்ர்’ என்று பல் உரசும் சத்தம். 14 வருடப் பழைய வண்டி. இரண்டு கை மாறி அவரிடம் வந்தது.

டவுன் பட்டறையிலிருந்து வந்து பார்த்தவர், சத்தத்தைக் கேட்டதுமே, ‘‘கியர் பாக்ஸ் போயிடுச்சு. வண்டியைப் பிரிச்சாகணும். நாலு நாள் ஆகும்’’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலு நாளில் நாற்று முற்றிவிடும். பேசி வைத்த நடவு ஆட்கள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். செலவு எவ்வளவு ஆகும் என்பதும் தெரியாது. கவலையோடு பக்கத்து ஊரில் இருக்கும் வயதான மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

‘‘தம்பி, இன்ஜினை நிறுத்திட்டு கியர் போட்டுப் பாத்தீங்களா?’’

‘‘இல்லீங்கண்ணே.’’

‘‘மொதல்ல அதைப் போய்ப் பாருங்க. பெட்டியைப் பத்தி அப்புறம் பேசலாம்.’’

போய்ப் பார்த்தார். இன்ஜின் ஓடாதபோது எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. பெட்டியில் கோளாறு இல்லை; கிளட்ச்தான் விடவில்லை. கிளட்ச் பெடலிலிருந்து உள்ளே போகும் இணைப்புக் கம்பியின் பின் தேய்ந்து, பெடல் பாதி தூரம் வெறுமனே இறங்கிக்கொண்டிருந்தது. பின்னை மாற்றி, கம்பியின் நீளத்தைச் சரிசெய்ததும் வேலை முடிந்தது. அன்று சாயங்காலமே வண்டி வயலில் இறங்கியது.

எல்லா வண்டிக்கும் இவ்வளவு சுலபமாக முடிந்துவிடாது. சில நேரம் பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால், பிரிப்பதற்கு முன் காசு செலவில்லாமல் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்துவிட்டுப் பட்டறைக்குப் போனால், தேவையில்லாத வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் உயிர்... பிறகுதான் டிராக்டர்!

எந்தச் சோதனைக்கும் முன்பு டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கலப்பை, ரோட்டாவேட்டர் எதுவாக இருந்தாலும் தரையில் இறக்கிவிடுங்கள். பி.டி.ஓ. லீவரை நியூட்ரலில் வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில் படுத்துப் பார்க்கவே கூடாது. ஹைட்ராலிக் எந்த நொடியிலும் இறங்கலாம்.

இன்னொன்று. செல்ஃப் எடுக்கவில்லை என்று கீழே நின்றபடி ஸ்குரூ டிரைவரை வைத்து ஸ்டார்ட்டர் மோட்டாரில் தொட்டுக் கிளப்பும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. வண்டி கியரில் இருந்தால் கிளம்பிய வேகத்தில் நிற்பவர் மேலேயே ஏறிவிடும். கியரில் இருக்கும்போது இன்ஜின் கிளம்பாமல் தடுக்கும் பாதுகாப்பு சுவிட்சை ‘தொந்தரவு’ என்று பிடுங்கிவிடுவதும் அதே ஆபத்துதான். இருக்கையில் உட்கார்ந்து மட்டுமே ஸ்டார்ட் செய்யுங்கள்.

சக்தி எந்த வழியாகப் போகிறது?

கோளாறைப் பிடிக்க, பாதை தெரிய வேண்டும். இன்ஜினின் கடைசியில் சுற்றும் கனமான சக்கரம் ஃப்ளைவீல். அதோடு ஒட்டிச் சுற்றுவது கிளட்ச் பிளேட். பெடலை மிதிக்காதபோது பிரஷர் பிளேட் அதை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும், மிதித்தால் விட்டுவிடும். கிளட்சிலிருந்து சுழற்சி கியர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து டிஃப்ரன்ஷியல், பின் அச்சு, சக்கரம் என்று முடிகிறது. வாய்க்காலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மடை மடையாகப் பார்த்துக்கொண்டு போவதைப் போலத்தான் இங்கேயும் பார்க்க வேண்டும். முதல் மடையைப் பார்க்காமல் கடைமடையை வெட்டக் கூடாது.

பல பழைய டிராக்டர்களில் கியர் பெட்டி, டிஃப்ரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்த ‘டி.இ. 20’ டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதில் ஹைட்ராலிக் பம்பே பின்பக்கப் பெட்டிக்குள், கியர் ஆயிலில் மூழ்கித்தான் இருக்கும். அதன் வழிவந்த மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களை, 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் நம் வயல்களுக்குக் கொண்டுவந்தது. இந்த வகை வண்டிகளில் ஆயில் குறைந்தால் கியருக்கும் கேடு, கலப்பை தூக்குவதற்கும் கேடு. ஹைட்ராலிக்குக்குத் தனித் தொட்டி உள்ள வண்டிகளும் உண்டு. உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சோதனை 1: இன்ஜின் ஓடாமல் கியர் விழுகிறதா?

இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஒரு கியர் பல்லோடு பல் முட்டி நின்றால், வண்டியை லேசாக முன்னே பின்னே அசைத்துவிட்டு மறுபடியும் போடுங்கள்.

இன்ஜின் நிற்கும்போது எல்லா கியரும் விழுந்து, ஓடும்போது மட்டும் உரசினால், கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். இன்ஜின் நின்றபோதும் விழவில்லை என்றால், லீவர், ஷிஃப்ட் ஃபோர்க் அல்லது பெட்டிக்குள் கோளாறு. அப்போதுதான் பெட்டியின் மூடியைத் திறக்கும் பேச்சே வர வேண்டும்.

கிளட்ச் விடாததற்கு முதல் காரணம், பெடலின் வெற்று ஓட்டம். அதாவது ‘ஃப்ரீ பிளே’. பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கொஞ்ச தூரம் லேசாக இறங்கி, அதன் பிறகு கனம் தெரியும். அந்த லேசான தூரம்தான் ஃப்ரீ பிளே. ஒரு ஸ்கேலை நிறுத்தி அளந்துவிடலாம். பல டிராக்டர்களில் இது ஓர் அங்குலத்தை ஒட்டி இருக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். அளவு அதிகமானால் கிளட்ச் விடாது. ஃப்ரீ பிளேயே இல்லாமல் போனால் கிளட்ச் வழுக்கும். இரண்டுக்கும் மருந்து, இணைப்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்வதுதான்.

இரண்டாவது காரணம், துரு. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். லேசாக ஒட்டியிருந்தால், இன்ஜினை நியூட்ரலில் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி நிறுத்திவிட்டு, பெடலை முழுதாக அழுத்திக் கட்டை கொடுத்துச் சில மணி நேரம் வைத்தால் விட்டுவிடுவது உண்டு. விடவில்லை என்றால் கியரில் கிளப்பி, சுவரில் முட்டிப் பிரிக்கும் வேலையெல்லாம் வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இனி நீண்ட நாள் நிறுத்தும்போது, கிளட்ச் பெடலை அழுத்தியபடியே கட்டை கொடுத்து நிறுத்துங்கள். இந்தக் கோளாறே வராது.

இவை இரண்டும் இல்லை என்றால் பிளேட் வளைந்திருக்கலாம்; கிளட்ச் விரல்கள் ஒரே மட்டத்தில் இல்லாமல் போயிருக்கலாம். அதற்கு வண்டியை நடுவில் பிரிக்கத்தான் வேண்டும்.

சோதனை 2: இன்ஜின் இரைகிறது... வண்டி இழுக்கவில்லையா?

கலப்பை ஆழமாக இறங்கியதும் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி நகரவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. உறுதிப்படுத்த, திறந்த இடத்தில், முன்னால் யாரும் இல்லாதபோது ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக் பெடல்களையும் சேர்த்து மிதித்துக்கொள்ளுங்கள். உயர்ந்த கியர் போட்டு, இன்ஜினை நடுத்தர வேகத்தில் வைத்து, கிளட்சை மெதுவாக விடுங்கள். கிளட்ச் நல்ல நிலையில் இருந்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்கல்தான். ஒரு முறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கும் பிளேட்டும் கருகிவிடும்.

முதலில் ஃப்ரீ பிளேயைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், கிளட்ச் இருக்கும் கூட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சிறிய ஓட்டை இருக்கும். அதில் ஆயில் சொட்டினால் பிளேட்டில் ஆயில் படுகிறது. சொட்டுவதை ஒரு வெள்ளைக் காகிதத்தில் பிடியுங்கள். கறுப்பாக, நீர்த்து இருந்தால் இன்ஜின் ஆயில். இன்ஜினின் பின்பக்க சீல் போயிருக்கிறது. கெட்டியாக, கியர் ஆயிலுக்கே உரிய கடுமையான வாடையோடு இருந்தால், கியர் பெட்டியின் முன்பக்க சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் அடுத்த பட்டத்துக்குள் மறுபடியும் அதே செலவு வரும்.

ஆயில் எதுவும் இல்லை, ஃப்ரீ பிளேயும் சரி என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டியதுதான்.

சேறடிப்பவர்கள் கவனத்துக்கு...

கிளட்ச் கூட்டின் அந்த அடி ஓட்டை வழியாகத்தான் சேற்று நீரும் உள்ளே ஏறும். சேறு புகுந்தால் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் ஒரே பருவத்தில் போய்விடும். பல டிராக்டர்களில் இந்த ஓட்டைக்கென்றே ஒரு மூடி கொடுத்திருப்பார்கள். சேற்றில் இறங்கும் முன் அதை மாட்ட வேண்டும். சேறடிப்பு முடிந்ததும் மறக்காமல் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால், உள்ளே கசியும் ஆயில் வெளியேற வழியில்லாமல் பிளேட்டில் ஏறும். பழைய வண்டி வாங்கும்போது இந்த மூடி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சோதனை 3: சத்தம் எப்போது வருகிறது?

‘பெட்டியில் சத்தம் வருகிறது’ என்று மட்டும் சொன்னால் யாராலும் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம்.

• நியூட்ரலில், பெடலை மிதித்ததும் சத்தம் வந்து, விட்டதும் போனால்: ரிலீஸ் பேரிங்.

• நியூட்ரலில், பெடலை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால்: பெட்டியின் முன்பக்க பேரிங் அல்லது அங்கே சுழலும் பற்சக்கரங்கள்.

• ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால்: அந்த கியரின் பற்சக்கரம்.

• எல்லா கியரிலும், வண்டி ஓடும்போது மட்டும் வந்தால்: டிஃப்ரன்ஷியல் அல்லது பின் அச்சு. திருப்பும்போது மட்டும் வந்தால் டிஃப்ரன்ஷியலின் உள் பற்சக்கரங்கள்மீது சந்தேகப்படலாம்.

சோதனை 4: ஆயில் சொல்லும் சேதி

காலையில், வண்டியைக் கிளப்பும் முன் அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியமாகாது.

ஆயில் மாற்றும்போது வடிகால் போல்ட்டை உற்றுப் பாருங்கள். காந்தம் உள்ள போல்ட் என்றால் அதில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி இருந்தால் அது சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். கையில் குத்தும் சில்லுகளோ பல் துண்டுகளோ இருந்தால், வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். ஒரு துண்டு மற்ற பற்களையும் உடைத்துவிடும். வடித்த ஆயிலில் பித்தளை நிறத் துகள் மின்னினால் உள்ளே இருக்கும் புஷ் தேய்கிறது.

ஆயில் ரகத்திலும் கவனம் தேவை. ‘கியர் ஆயில்தானே’ என்று கடையில் கிடைத்ததை வாங்கி ஊற்றக் கூடாது. ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளுக்கென்று தனி ஆயில் இருக்கிறது. அதற்குப் பதில் சாதாரண 90-ம் நம்பர் கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் அலறும், பிடியும் குறையும். கையேட்டில் உள்ள நம்பரைக் கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள். இரண்டு ரகங்களைக் கலக்காதீர்கள்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால்...

வண்டியை நடுவில் பிரித்துச் சேர்ப்பதற்கான கூலிதான் பெரிய செலவு. அதனால் ஒரு முறை பிரித்தால், அங்கே கைக்கு எட்டும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். கிளட்ச் பிளேட் மாற்றும்போதே ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங், இரண்டு பக்க ஆயில் சீல்கள் ஆகியவற்றையும் மாற்றிவிடுவது லாபம். ஃப்ளைவீலின் முகத்தில் வரி விழுந்திருந்தால் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்துங்கள்.

பிரிக்கும்போது கூடவே இருங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். புதிய பாகங்களுக்கு ரசீது வாங்கி, ஆயில் மாற்றிய தேதியையும் மணிக்கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் வேலை நிற்கக் கூடாது என்றால், வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை திட்டத்தில் டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். பருவ நேரத்தில் கிராக்கி அதிகம் என்பதால், முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது.

கிளட்சைக் காப்பாற்றும் பழக்கங்கள்

• ஓட்டும்போது பெடல் மேல் காலை வைத்திருக்காதீர்கள். அந்த லேசான அழுத்தமே பிளேட்டைத் தேய்த்துவிடும்.

• பழைய வண்டிகளில் பெரும்பாலும் பற்சக்கரங்கள் நகர்ந்து கோத்துக்கொள்ளும் வகைப் பெட்டிதான். இதில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கியர் மாற்ற வேண்டும். ஓட்டத்தில் மாற்றினால் பல் முனை மழுங்கும்.

• சேற்றில் மாட்டிக்கொண்டால் கிளட்சை விட்டு விட்டு உலுக்காதீர்கள். கருவியைக் கழற்றிவிட்டு, இன்னொரு வண்டியால் இழுங்கள்.

• ஃப்ரீ பிளேயை மாதம் ஒரு முறை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 5 நிமிட வேலைதான்.

வாசகர்கள் கேட்கிறார்கள்...

‘‘சேறடித்த பிறகு கியர் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?’’ - நாகப்பட்டினம் மாவட்ட வாசகர்.

ஓட்டக் கூடாது. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அது பேரிங்குகளைத் துருப்பிடிக்க வைக்கும். வண்டியை ஓர் இரவு முழுக்க அசையாமல் நிறுத்துங்கள். காலையில் வடிகால் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்தினால், ஆயிலைவிடக் கனமான தண்ணீர் முதலில் வரும். பிறகு ஆயிலையும் முழுதாக வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். சிறிது நேரம் ஓட்டிய பிறகும் வெளுப்பாகவே இருந்தால் மறுபடியும் மாற்ற வேண்டும். அளவுக் கம்பியின் மூடி, காற்றுப் போக்கி, லீவர் ரப்பர், அச்சு சீல் ஆகிய இடங்களில் தண்ணீர் எங்கே புகுந்தது என்று பார்த்து அடையுங்கள். வண்டியைக் கழுவும்போது இந்த இடங்களில் வேகமான நீரைப் பீய்ச்சாதீர்கள்.

‘‘டிரெய்லரில் கரும்பு ஏற்றி இறக்கத்தில் வரும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. என்ன செய்வது?’’ - தர்மபுரி மாவட்ட வாசகர்.

முதலில் அந்த வண்டியில் பாரம் ஏற்றுவதை நிறுத்துங்கள். இறக்கத்தில் கியர் நழுவினால் இன்ஜினின் பிடிப்பு போய்விடும். பாரம் பின்னாலிருந்து தள்ளும். கியரைப் பிடித்து நிறுத்தும் சிறு குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். ஸ்பிரிங் மாற்றுவது சின்ன வேலைதான். ஷிஃப்ட் ஃபோர்க் அல்லது பற்கள் தேய்ந்திருந்தால் உள்ளே வேலை இருக்கிறது. எது எப்படி இருந்தாலும், டீசல் மிச்சம் என்று நினைத்து இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டவே கூடாது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் போகும்போது இடது, வலது பிரேக் பெடல்களைக் கொக்கி போட்டு இணைத்திருக்க வேண்டும்.

‘‘காலையில் கலப்பை நன்றாகத் தூக்குகிறது. வெயில் ஏறியதும் நடுங்கி நடுங்கி மெதுவாக எழுகிறது. பம்பை மாற்றச் சொல்கிறார்கள்...’’ - விழுப்புரம் மாவட்ட வாசகர்.

பம்புக்கு முன் மூன்றைப் பாருங்கள். ஆயில் அளவு சரியாக இருக்கிறதா? ஹைட்ராலிக் வடிகட்டி அடைத்திருக்கிறதா? ஆயில் ரகம் சரியானதா? ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், தூக்குவது நடுங்கும். இவை மூன்றையும் சரிசெய்த பிறகும், சூடான பிறகு மட்டும் பலம் குறைந்தால் பம்ப் அல்லது வால்வு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் சூடாகி நீர்த்ததும் தேய்ந்த இடைவெளி வழியாக அழுத்தம் கசிந்துவிடும். அழுத்த மீட்டர் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மீட்டர் பார்க்காமல் பம்பை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

‘‘பழைய டிராக்டர் வாங்கப் போகிறேன். கியர், கிளட்ச் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?’’ - மதுரை மாவட்ட வாசகர்.

விற்பவரிடம் சொல்லிவிட்டு, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். அளவுக் கம்பியில் ஆயில் நிறத்தைப் பாருங்கள். கிளட்ச் கூட்டின் அடி ஓட்டையில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா கியரையும், ரிவர்ஸ் உட்பட, போட்டு ஓட்டுங்கள். கலப்பையை மாட்டி அரை மணி நேரமாவது உழுது, சூடான பிறகு மறுபடியும் எல்லாவற்றையும் சோதியுங்கள். கலப்பையைத் தூக்கி வைத்து இன்ஜினை நிறுத்தினால், அது சட்டென்று இறங்கக் கூடாது. அடியில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பெயின்ட்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். பெடலையும் ஆயிலையும் பார்த்துப் பேசுங்கள்.